விலகாத கோள்

கைப்பிடியைச் சுழற்றினால் கணக்குப் போடும் அந்தப் பச்சை மெஷினின் கடகடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாறு பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில், எங்கள் சீனியர் பகலெல்லாம் அதன்முன் உட்கார்ந்திருப்பார். அபிராமபுரத்துக்காரர். நான் ஊரூர் குப்பம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். "வாடா, கடலை விட்டுட்டு ஆகாசத்துல வலை போட வந்தவனே" என்பார். "நீங்க மட்டும் இன்னாத்தப் புட்ச்சீங்க சீனியர்?" என்பேன். சிரிப்பார்.

பிடித்துவிட்டதாகத்தான் நம்பினார். சூரியனின் ஈர்ப்போடு, தூரத்தை மட்டுமே பொறுத்த இன்னொரு சிறு இழுப்பும் உண்டு என்பது அவர் கருத்து. அதையும் சேர்த்துக் கோளின் பாதையைத் துளித்துளியாகக் கணக்கிட்டால், சுற்றுக்குச் சுற்று கோள் சற்றே விலகிப் போனது. ஆராய்ச்சியில் அவர் நீடிக்க அது ஒன்றுதான் வழி. "புதுசா ஒண்ணு காட்டு, இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

எனக்கு உறுத்தியது. மையத்தை நோக்கி மட்டும் இழுக்கும் விசைக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். ஒசத்தி, மட்டம் என்று கிடையாது. அந்தச் சமச்சீர்மை இருக்கிறவரை, சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடந்தே ஆகவேண்டும். படித்த நாளிலிருந்தே எனக்கு அந்த விதியின்மேல் தனிப் பிரியம். அவர் வரைபடத்திலோ பரப்பு பெருத்துக்கொண்டே போனது.

"சீனியர், இழுப்பு நடுவாண்டதானே கீது? அப்ப பரப்பு எப்டி ஏறும்?"

இருவருமாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். கணக்கின் ஒவ்வொரு அடியிலும் பழைய வேகத்தாலேயே கோளை நகர்த்தியிருந்தார். முதலில் இழுப்பால் வேகத்தை மாற்றி, அந்தப் புது வேகத்தால் நகர்த்தினால் பரப்பு இம்மியும் மாறாது. எழுதிப் பார்த்தால் நாலே வரி. மாலைவரை மெஷினைச் சுழற்றினார். கோள் விலகவில்லை. அந்த விலகல் வானத்தில் என்றுமே இருந்ததில்லை, கணக்குப் போட்ட முறையில்தான் இருந்தது.

"அப்போ ஒண்ணுமே இல்லையாடா?" என்றார்.

ஆராய்ச்சி இடத்தை முடிவுசெய்யும் குழுவின் முன் பழைய படத்தையே வைத்திருக்கலாம். அங்கே யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவர் புதுப் படத்தைத்தான் விரித்தார். இடம் போயிற்று. அது எனக்குக் கிடைத்தது.

அறைச் சாவியைக் கொடுக்க அவரே வந்தார். "ஒங்காத்துல சொல்லிட்டியோ?" இல்லை என்று தலையாட்டினேன். "போய்ச் சொல்லுடா. ஒங்கம்மா சந்தோஷப்படுவா." படியிறங்கிப் போனவரை அப்புறம் நான் பார்க்கவேயில்லை.

மார்க்கெட்டில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி கத்திச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடா மூஞ்சி இப்டி கீது? யார்னா செத்துட்டாங்களா?"