மேல்மாடிக்காரியின் தட்டு

எழுபதுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஒற்றைப் படுக்கையறை வீடு. அறை எனக்கும் கணவருக்கும். வரவேற்பறையில் அவருடைய தம்பியும் ஒன்றுவிட்ட அண்ணனும் படுத்தார்கள். மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவர்கள், படிப்போடு தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலையும் செய்தார்கள். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் கொலர் பொருத்தினேன். வேலை முடிந்து வந்து நாலு பேருக்கும் சமைப்பேன். ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கும்வரை எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

வேலையிடத்தில் வயிற்றைப் பெரிய கம்பளிச் சட்டைக்குள் மறைத்தேன். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து மெஷினில் இருந்த போர்த்துக்கீசப் பெண் கையால் வெட்டுவதுபோலக் காட்டிச் சொன்னாள். பசித்த நேரத்தில் சாப்பிட வழியில்லை. இடைவேளை மணி அடிக்க வேண்டும். காலையில் சத்தி எடுத்து வெறுமையான வயிறு கொஞ்ச நேரத்தில் எரியத் தொடங்கும். இருமுவதுபோல வாயைப் பொத்தி ஒரு உப்பு பிஸ்கட்டை உள்ளே தள்ளி ஊறவைப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு மிஞ்சும், குழம்பு மிஞ்சும், மீன் துண்டு மிஞ்சாது. வாங்கும் பாலெல்லாம் மூவரின் தேத்தண்ணிக்கே போய்விடும். பால், முட்டை, ஈரல், தோடம்பழம் என்று டொக்டர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில் ஐந்தாம் மாடியிலும் ஒருத்தி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். தமிழ்நாட்டுப் பெண், என்னைவிட ஒரு மாதம் முந்தியவள். கணவர் எஞ்சினியர். அவளைப் பார்த்துக்கொள்ள மாமியார் விமானம் ஏறி வந்திருந்தார். லிப்டில் சந்தித்துப் பழகி, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் சோபாவில் கால் நீட்டி இருந்தாள். மாமியார் பக்கத்திலிருந்து தோடம்பழத்தை உரித்து, வெள்ளை நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கையில் கொடுத்தார். குங்குமப்பூப் போட்ட பால் வந்தது. "ஒரு வாய் குடிம்மா" என்று கெஞ்சல் வேறு. அவள் முகத்தைச் சுளித்தாள்.

எனக்கு அந்தப் பாலைவிட, அவள் முகத்தைச் சுளித்ததுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒருத்திக்கு இவ்வளவு வசதியா! வீட்டுக்கு வந்து சட்டிகளை அடித்து அடித்துக் கழுவினேன்.

இது போதாதென்று என் கணவரும் ஒருநாள் கேட்டார். "இஞ்சரும், மேல இருக்கிறவவைப் பாத்தீரே? என்ன செழிப்பா இருக்கிறா. நீர் ஏன் இப்பிடி வாடிப்போனீர்? ஒழுங்காச் சாப்பிடுறேல்லையே?"

அப்போது அவருடைய தட்டில் இரண்டு மீன் துண்டு இருந்தது. 

ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. நான் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். மாமியார் என் கையிலும் நாலு வளையல் போட்டுவிட்டார். அவளோ பட்டுப்புடவையில், கை நிறைய வளையலுடன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்தப் பட்டுப்புடவைக்காரியை நான் அன்று முழு மனதோடு வெறுத்தேன்.

அடுத்த வாரம் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில் தனியாக என்னிடம் வந்தாள்.

"உங்க வீட்ல நேத்து மீன் பொரிச்சீங்களா? படிக்கட்டு வரைக்கும் வாசனை."

மணத்துக்குக் குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஓம், பொரிச்சனான். அதுக்கென்ன?" என்றேன் வெடுக்கென்று.

"எனக்கு ஒரு துண்டு தருவீங்களா?"

பிறகுதான் சொன்னாள். அவள் தூத்துக்குடியில் மீன் தின்று வளர்ந்தவள். காதலித்துக் கட்டியது சைவச் சாப்பாட்டு வீடு. மாமியார் முட்டையைக்கூட உள்ளே விட மாட்டார். "பாசமாத்தான் ஊட்டுறாங்க. ஆனா பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, மீன் பேச்சே கூடாது. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குங்க. உங்கள ஏன்னு கேக்க ஆளில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மீன் என் வீட்டில் இருந்தது, என் தட்டில் இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை கென்சிங்டன் சந்தையில் வாங்கி வந்த மீனைப் பொரித்தபோது, முதல்முறையாக ஆண்களுக்கு முன் இரண்டு துண்டை எடுத்து ஒளித்தேன். எனக்காக என்றால் என் கை போயிராது. வந்து கேட்டவளுக்காகப் போனது. கீழே, மெஷின்கள் சுற்றும் சத்தத்தில், ஆளுக்கொரு துண்டாகச் சாப்பிட்டோம். அவள் முள்ளையும் விடாமல் சூப்பினாள். ருசிப்பதற்கும் அவளுக்குத்தான் கொடுப்பினை என்று அப்போதும் எரிந்தது. பதிலுக்கு அவள் போத்தலில் பால் கொண்டுவந்தாள். அவள் மாமியார் காய்ச்சிய அதே குங்குமப்பூப் பால். ஒரே மூச்சில் குடித்தேன். சனிக்கிழமைகளில் அதுவே வழக்கமானது.

ஒருநாள் கணவரின் தம்பி சட்டியைக் கிளறிவிட்டுக் கேட்டான். "அண்ணி, என்ன மீன் குறைஞ்சு போச்சு?"

"நான் சாப்பிட்டிட்டன்" என்றேன்.

கணவர் தன் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை அவரே சந்தைக்குப் போய் இரட்டிப்பாக வாங்கி வந்தார். "முதல்ல நீர் போட்டுச் சாப்பிடும். நாங்கள் பிறகு சாப்பிடுறம்" என்றார். மற்ற இருவரும் ரீவியைப் பார்ப்பதுபோல இருந்தார்கள்.

எனக்கு முந்தி அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். நல்ல கொழுகொழுப்பான பிள்ளை. பார்த்ததும் என் கை தானாக என் வயிற்றுக்குப் போய், உள்ளே இருப்பது எவ்வளவு பெரிது என்று தடவிப் பார்த்தது. மாமியார் பூண்டுக் குழம்பும் குழைந்த சோறும் கொண்டுவந்து வைத்தார். இனிக் கொஞ்ச நாளைக்கு அவள் வீட்டை விட்டு இறங்க முடியாது.

மாமியார் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள்: "இன்னிக்கு உங்க வீட்ல என்ன?"

"கணவாய்க் கறி" என்றேன். "அவர்தான் துப்புரவாக்கித் தந்தவர்."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒருத்தி என்னைப் பார்த்து ஏங்குகிறாள் என்பது அவ்வளவு இனிப்பாக இருந்தது. விடைபெற்று, லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி வந்து, கறி ஆறுமுன் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன்.