பதினேழாம் நம்பர் மூடி

என் அக்கா வீட்டுக்காரரை வேலையிடத்தில் ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார்கள். எதிலும் ஒன்று உபரியாகக் கையில் இல்லாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மூக்குக்கண்ணாடி இரண்டு, குடை இரண்டு, பெண் பார்க்க வந்தபோது சட்டைப்பையில் பேனா மூன்று. இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள அக்காவுக்குத் தைரியம் வந்ததே பெரிய விஷயம்.

வேறு கோளுக்குப் போகும் விண்கலங்களைக் கட்டும் கூடத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. கலத்தின் கேமராக் கண்கள், குழாய் வாய்கள் மேல் தூசி படாமல் சிவப்பு மூடி போட வேண்டும். புறப்படும் முன் கழற்றி எண்ண வேண்டும். மூடிகளில் நம்பர் எழுதுவதும் அவர்தான். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பார். இந்தத் தடவை நாற்பத்து மூன்று மூடிகள். தட்டில் கொட்டி எண்ணினார், சரியாக இருந்தது. மேற்பார்வை அம்மாவும் எண்ணிக் கையெழுத்துப் போட்டார். நம்பரை யாரும் பார்க்கவில்லை. ஸ்டெப்னி கணக்கு தப்பாது என்ற நினைப்பு. கலம் கிளம்பிவிட்டது.

ஒவ்வொரு கலம் போனதும், கணக்கில் சேராமல் கையில் வைத்திருக்கும் உபரி மூடியை வீட்டு அலமாரியில் வைப்பது அவர் வழக்கம். மூன்றாம் நாள் காலை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தத் தடவ மூடி எங்க?"

அத்தான் முகம் வெளுத்துப்போனது. மேடைமேல் நின்று கழற்றியதையெல்லாம் உபரி மூடி கிடந்த அதே பையில்தான் போட்டிருக்கிறார். அதுவும் சேர்ந்துதான் நாற்பத்து மூன்று. அப்படியானால் ஒரு மூடி கலத்தோடு போய்க்கொண்டிருக்கிறது.

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம இருங்க அத்தான்" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். அவர் காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு ஓடினார்.

அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் இரண்டு கண்களில் ஒன்று இருண்டு கிடந்தது. வயர் எரிந்துவிட்டது, மற்றதையும் கெடுத்துவிடும் என்று பயந்து, அந்தப் பக்க மின்சாரத்தையே நிறுத்த இருந்தார்கள். எரிபொருளை உறையாமல் காக்கும் ஹீட்டரும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நிறுத்தியிருந்தால் கலம் அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிஷம். அத்தான் மூச்சிரைக்கப் போய் நின்று, ஒரு மூடியைக் கழற்றவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். பெரிய அதிகாரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

அத்தானைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். கலம் ஒற்றைக் கண்ணோடு எட்டு மாதம் போனது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று, கலம் தன்னையே எடுத்து அனுப்பிய முதல் படத்தை டிவியில் காட்டினார்கள். பின்னால் அந்தக் கோள். முன்னால் சிவப்பாக ஒரு மூடி. அதில் பதினேழு, ஏழுக்கு நடுவில் கோடு.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இப்போதெல்லாம் அவரிடம் ஒரு கண்ணாடிதான்.

"என் எழுத்துதான்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.