மூன்று முறை ஹோடி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் "அடுப்பில் குழம்பு இருக்கு" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். தெருவுக்குத் தெரு நாட் தேவதைகளுக்குத் தேங்காய் கட்டித் தொங்கவிடுகிற யாங்கூனில் பிறந்து ஐம்பத்தாறு வருஷம் ஆகிறது, ஒரு நாளும் ஒன்றையும் நான் கண்டதில்லை, கண்டேன் என்று சொன்னவர்களையும் நம்பியதில்லை. எங்கள் அப்பா உபதேசியார். சர்ச்சில் ஜெபம், வீட்டில் ஜெபம், பயப்படுவதற்கு நேரமே இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் வீடு அலோன் பேட்டையில், மூன்றாவது மாடி. இங்கே மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேலே ஒரு மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். வருகிறவர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், நாம் எட்டிப் பார்த்து கீழ்க்கதவின் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம். ஊரே இப்படித்தான். என் தம்பி ஜோயல் மட்டும் கயிற்றைத் தொடமாட்டான்.

அவன் மிஷனெரி. பதினான்கு வருஷமாக மனைவி கிரேஸோடு தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு லீவில் வருவான். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே பிறந்தவை, தமிழும் அரைகுறை, பர்மியமும் அரைகுறை, சுவாஹிலி மட்டும் தண்ணீர் பட்ட பாடு. அங்கே அவர்களைப் பர்மாக்காரர்கள் என்பார்களாம், இங்கே வந்தால் ஆப்பிரிக்காக்காரர்கள். அந்த ஊரில் கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது. வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கிறவர் "கரிபு", அதாவது வாருங்கள், என்று சொன்னால்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மூன்று முறை ஹோடி சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் மரியாதை.

முதல் லீவில் அவன் தெருவில் நின்று கத்தியபோது எனக்கு "ஓடி" என்று காதில் விழுந்தது. திருடன்தான் ஓடுகிறான் என்று விளக்குமாற்றோடு பால்கனிக்கு ஓடினேன். கீழே குடும்பமே நின்று சிரிக்கிறது.

"அமா, கரிபு சொன்னாத்தான் மேல வருவேன்" என்றான். அமா என்றால் பர்மியத்தில் அக்கா, எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

"ரோட்டுல நின்னு ஏலம் போடாம ஏறி வாடா" என்றேன். கடைசியில் கரிபு சொன்ன பிறகுதான் வந்தான். அப்படிப் பிடிவாதம். எனக்கும் குறைச்சலில்லை, ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்.

போன தடவை லீவு முடிந்து அவர்கள் திரும்பின இரண்டாம் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போனது. எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் ஆட்டுவார். பக்கத்து வீட்டு மணி அடித்தால்கூட கண் பால்கனிக்குப் போகும், ஜோயல் வந்துவிட்டானா என்று. நான் போன் போட்டேன்.

"உடனே வர முடியலை அமா, இங்க என்னை நம்பி நாப்பது பிள்ளைங்க இருக்கு" என்றான்.

"உன்னை நம்பி இங்க ஒரு அப்பா இருக்காருடா" என்றேன்.

பத்தொன்பது நாள் காத்திருந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு அவனுக்குப் போன் செய்து ஒரே வாக்கியம்தான் சொன்னேன். "இனிமே இந்தக் கயித்தைத் தொடாதே." கயிற்றை அவன் என்றைக்குமே தொட்டதில்லை, வீட்டுப் பக்கமே வராதே என்றுதான் அர்த்தம். வைத்துவிட்டேன். இரண்டரை வருஷம் பேசவில்லை. கிரேஸ் அனுப்பிய படங்களைக்கூடத் திறக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நடுராத்திரி இல்லை, பட்டப்பகல், மணி மூன்றரை. கரண்ட் இல்லை, புழுக்கம் தாங்காமல் பால்கனியில் உட்கார்ந்து புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பாவின் பிரம்பு நாற்காலி, அதில்தான் கீரைக்கட்டை வைத்திருந்தேன். கீழே தெருவிலிருந்து குரல் வந்தது.

"ஹோடி."

அவன் குரல்தான். நம்பினால் நம்புங்கள், தூக்கி வளர்த்த பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? முதலில் வந்தது சந்தோஷம், அது நிஜம். பின்னாலேயே கோபம் வந்தது. அப்பா இருக்கும்போது வராதவன் இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறானா, நிற்கட்டும், நன்றாக வெயிலில் நிற்கட்டும் என்று கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

"ஹோடி." இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எங்கள் அம்மா இருந்தபோது ஒன்று சொல்வாள், யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும் என்று. அப்பா அதைக் கேலி செய்வார். எனக்கு அன்றைக்கு அது வசதியாக இருந்தது. மூன்றாவதும் கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அவர்கள் ஊரில் மூன்றாவது முடிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

மூன்றாவது தடவை கெஞ்சுகிற மாதிரி வந்தது. எனக்கே மனசு தாங்கவில்லை. கரிபு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, கண்ணில் நீர் முட்டுகிற இருமல், மூச்சே விட முடியவில்லை. அது நின்று நான் எட்டிப் பார்த்தபோது தெருவில் யாரும் இல்லை. கயிறு ஆடாமல் அப்படியே தொங்கியது. படிக்கட்டு முனையில் வெற்றிலை விற்கிற டோ கின்னிடம் கத்திக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை, வெயிலில் உனக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

ராத்திரி கிரேஸ் போன் செய்தாள். எடுத்ததும் அழுதாள். ஜோயலுக்கு மலேரியா மூளைக்கு ஏறி நாலு நாளாக நினைவே இல்லையாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூச்சு நின்று நின்று வந்ததாம், ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்களாம், போதகர் வந்து ஜெபம் பண்ணத் தொடங்கினாராம். "அப்போ வாய் அசைஞ்சுது அக்கா. ஹோடின்னாங்க. மூணு தரம். அப்புறம் கண்ணைத் திறந்துட்டாங்க." அவர்களுக்குப் பன்னிரண்டு என்றால் நமக்கு மூன்றரை. 

பத்து நாள் கழித்து அவனே பேசினான். கம்மிய குரல்.

"நம்ம வீட்டு வாசலுக்கு வந்தேன் அமா. நீ தொடாதேன்னு சொன்ன கயித்தை நான் தொடலை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், நீ வாயே திறக்கலை. உன் பக்கத்துல அப்பா நாற்காலியில இருந்தாரு. போ போன்னு கையை ஆட்டினாரு. சரின்னு திரும்பிட்டேன்."

"எந்தக் கை?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இடது கை. அப்பா வலது கைக்காரராச்சே, என்னடா இதுன்னு இருந்துச்சு."

எந்தப் பக்கம் விழுந்தது என்று அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சர்ச்சில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் இப்போது அங்கே ஒவ்வொரு சபையிலும் சாட்சி சொல்கிறானாம், அக்கா என்மேல் வைத்த பாசத்தால் என்னை உள்ளே விடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டாள் என்று. பாசமாவது! நெஞ்சு நிறைய வன்மத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் நான் நல்ல அக்காவாக இருந்து, முதல் ஹோடிக்கே கரிபு சொல்லியிருந்தால், என் தம்பி உள்ளே வந்திருப்பான். இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் லீவில் வருகிறார்கள். "கயித்தைத் தொடமாட்டேன், ஹோடிதான். நீ கரிபு சொல்லணும்" என்று இப்போதே சிரிக்கிறான். நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். காலையிலேயே போய் டோ கின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், கார் வந்து நின்றதும் அவன் வாயைத் திறக்குமுன் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கட்டிக்கொள்கிறேன், அழுகிறேன், காலில்கூட விழுகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் சொல்ல முடியாது.