செவிலித்தாய்க்கு நான் சொன்ன அர்த்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மைசூரு தேவராஜ மொஹல்லாவில் ஒரு பூக்கடையின் பின்னறையில் தொடங்கி, என் தோழியின் வீட்டுச் சமையலறையில் போய் முடிந்த விஷயம் இது.

எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. பிறந்தது ஹனூர் பக்கம். அப்போது அங்கே இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதற்குமேல் யாரும் அனுப்பவில்லை. இதை எழுதி முடிக்கவே ஐந்து நாள் ஆகியிருக்கிறது. ஆனால் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து பூக்கட்டிய ஐந்து பெண்களில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற நால்வரும் அதே கொள்ளேகால், ஹனூர் பக்கத்துக்காரர்கள்தான். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது கன்னடப் பள்ளி. தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பூ மடிக்க வாங்கிய பழைய காகிதக் கட்டில் ஒருநாள் தடியான புத்தகம் ஒன்று வந்தது. அட்டை இல்லை, முதல் நாலைந்து பக்கங்களும் இல்லை. அரண்மனை, யுத்தம், ஒளிந்து வாழும் இளவரசி என்று போகிற ராஜா காலத்துக் கதை. நான் சும்மா ஒரு பக்கம் உரக்கப் படித்தேன். நால்வரும் நார் கையில் அப்படியே நிற்க, கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பூக்கட்டுகிற கையால் புத்தகம் பிடிக்க முடியாது. அதனால் என் பங்கு மல்லிகையை நால்வரும் பிரித்தெடுத்துக் கட்டிவிடுவார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு படிப்பேன்.

அந்தப் புத்தகத்தில் கடினமான சொற்கள் கொட்டிக் கிடந்தன. எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், பொருள்தான் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்காக நாலு பேர் விரல் நோகக் கட்டுகிறார்களே, அவர்களிடம் எப்படிச் சொல்வது? நானாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். அகழி என்றால் கோட்டைக்குள் இருக்கிற பூந்தோட்டம் என்றேன். புரவி என்றால் பல்லக்கு என்றேன். சேனாபதி புரவியைத் தட்டிக்கொடுத்தான் என்று வந்த அன்று, நால்வரில் ஒருத்தியான என் தோழி நிமிர்ந்து பார்த்தாள்.

"பல்லக்கைப் போயி எதுக்குக்கா தட்டிக் குடுக்கறான்?"

"அரமனைப் பல்லக்கு அம்மிணி. அதுக்கெல்லாம் மரியாதை பண்ணோணும்," என்றேன். நால்வரும் தலையாட்டினார்கள்.

இப்படித்தான் செவிலித்தாய் என்ற சொல்லும் வந்தது. இளவரசியோடு கூடவே இருக்கிற ஒரு பெண். தாய் என்று முடிகிறது, ஆனால் பெற்றவள் இல்லை. அதுவரை புரிந்தது. மாற்றாந்தாய் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த அறையில் அவளுக்கு நல்ல பெயரே கிடையாது. இளவரசிக்கு அவள் பால் கொண்டுவந்தால், "குடிக்காத சாமி, அதுல என்னமோ கலந்திருக்குது" என்பார்கள். தலைவாரி விட்டால் நடிப்பு என்பார்கள். அழுதால், பாரு பாரு என்பார்கள். கதையில் அவள் ஒரு கெடுதலும் செய்யவில்லை. எப்போது செய்வாள் என்று ஆறு மாதம் காத்திருந்தோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிற அந்தத் தோழிக்கு அப்போது ஐம்பது வயது. அவளுடைய அக்கா நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தையின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போனார். இவள் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பெண்ணை வளர்த்தாள். அது இவளை அம்மா என்றுதான் கூப்பிடும். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு நல்ல குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். சம்பந்தியம்மா தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். அங்கே வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குச் சம்பந்தியம்மாவே மைசூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தோழி வீட்டுக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தாள். பூக்கட்டும் எங்கள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள்.

சாப்பாடு முடிந்து, மகள் உள்ளறையில் படுத்துத் தூங்கிவிட்டாள்; நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா தோழியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்க மருமவளோட குணத்தப் பாத்து நான் பல நாள் அதிசயப்பட்டிருக்கறேன். இங்க வந்தப்பறந்தான் வெளங்குது. நீங்க அவளுக்கு வெறும் சித்தி இல்லீங்க, செவிலித்தாய்," என்றார்.

எங்கள் அறைப் பெண்கள் மூவரும் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தோழியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு, பாத்திரம் எடுத்து வைக்கிறேன் என்று உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

பாத்திரம் எதையும் அவள் தொடவில்லை. சமையலறை மூலையில் வைத்திருந்த மகளின் பையைத் திறந்து, வெளியே எடுத்து அடுக்கிய புடவைகளைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்கல்லக்கா. எல்லாரும் இருக்கறப்ப சொல்லிப்போட்டாங்க."

"என்ன பண்ற அம்மிணி?"

"நாலரை பஸ்ஸுக்கு அவங்ககூடவே போகட்டும். பிரசவத்தை அங்கியே பாத்துக்கட்டும். மாத்தாந்தாயின்னு நெனச்சவங்க எதுக்கு இங்க கொண்டாந்து விடோணும்? நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, நாந்தான் என்னமோ குடுத்துட்டன்னு சொல்லுவாங்க."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது, டீச்சரம்மாவுக்குத்தான் அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்பது. அவ்வளவு திமிர் எனக்கு. ஆனால் அவர் கையைப் பிடித்திருந்த விதம் என் கண்ணிலேயே நின்றது. யாரும் யாரையும் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு ஏச மாட்டார்கள்.

கூடத்துக்கு வந்து சம்பந்தியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னமோ ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது எங்கூரு பக்கம் புழக்கத்துல இல்லீங்க," என்று இழுத்தேன். தெரியாது என்று சொல்லாமல் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

"செவிலியா? பெறாமயே பாலூட்டி வளக்கறவங்க. அந்தக் காலத்துக் கதைகள்ல பாத்தீங்கன்னா, ராசா மக பெத்தவகிட்டச் சொல்லாததையும் செவிலிகிட்டத்தான் சொல்லுவா. இப்ப ஆஸ்பத்திரி நர்ஸைக்கூட செவிலியர்னுதான எழுதறோம்," என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன், சம்பந்திக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா? மொகம் வாடிப்போச்சு," என்று கேட்டார்.

அந்தக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் பத்தடி இருக்கும். கிழவி நான் சாமுண்டி மலைப் படியை இன்றைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுவேன். அந்தப் பத்தடி ஏறவே முடியாததாக இருந்தது. மூவரும் என் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார்கள். ஒருத்தியிடம் மட்டும் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

"அம்மிணி, அவங்க உன்னையத் திட்டலை. பெத்தவளுக்கும் மேலன்னு சொன்னாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. நானாத்தான் மாத்தாந்தாயின்னு சொல்லிவெச்சேன்."

அவள் பையின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அந்தப் பாலுல?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. வெறும் பாலுதான்."

"ஆறு மாசமா அந்தப் பொம்பளைய எத்தனை பேச்சுப் பேசினோம்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுதாள் என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிலைப்படியில் நின்ற ஒருத்தி மெதுவாக, "பல்லக்கு?" என்றாள்.

"அதுவும் நாஞ்சொன்னதுதான்."

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றாள் அவள். தோழி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஹோகலி பிடி அக்கா, போகட்டும் விடுங்க," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து புடவைகளை மறுபடி எடுத்து அலமாரியில் அடுக்கினாள். கூடத்துக்குப் போய்ச் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் அவளாகவே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலரை பஸ்ஸில் சம்பந்தியம்மா தனியாகத்தான் போனார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. என்னைக் காட்டிக் கொடுக்கத் தோழிக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கடைக்குப் போனதும் என் பங்கு மல்லிகையை நானே எடுத்து மடியில் கொட்டிக்கொண்டேன். தோழி அதைத் திரும்பத் தன் பக்கம் அள்ளிக்கொண்டு, "படிங்கக்கா. மொதல்லயிருந்து படிங்க. அந்தப் பொம்பளைய இந்த வாட்டி ஒழுங்காப் பாக்கோணும்," என்றாள்.

முதலிலிருந்து படித்தேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, எனக்குத் தெரியாது என்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு வாழைநாரை வைப்போம். சனிக்கிழமை மதியம் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, நார் வைத்த சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்போம். சில சொற்களுக்கு அவரே, "இருங்க, அகராதியப் பாத்துச் சொல்றேன்," என்பார். 

அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்து இப்போது ஓடியாடுகிறது. புத்தகம் இன்னும் முடியவில்லை, எங்களுக்கும் அவசரம் இல்லை. இப்போதும் ஒவ்வொரு நாளும் புத்தகத்தை விரிக்குமுன், எனக்காகப் பூக்கட்டுகிற அந்தக் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். நான் சொல்வதையெல்லாம் மெய்யென்று நம்பிக் கட்டுகிற கைகள் அவை.