பொன்னி தங்காத வீடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, குவைத்தில் நாங்கள் குடியிருக்கும் அப்பாசியாவில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். என் மகனும் அப்படித்தான். அந்த வருடம் லீவுக்கு ஊருக்குப் போனபோது ஒரு துணிப் பொம்மை வாங்கி வந்தேன். பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை. பிள்ளைகள் பொன்னி என்று பெயர் வைத்தார்கள். பொன்னிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், வேறு பாஷையில் பேசினால் திருதிருவென்று விழிப்பாள் என்று கதை கட்டிவிட்டேன். வாரம் ஒரு வீட்டில் அவள் விருந்தாளி. அந்த வீட்டுப் பிள்ளை அவளோடு தமிழில் பேச வேண்டும், அவள் அங்கே என்னவெல்லாம் செய்தாள் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வீட்டில் பொன்னியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூலிங் கிளாஸ் மாட்டிப் படம் எடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் விடுவார்களா? பாலைவனத்தில் கூடாரம் போட்டு அவளோடு தங்கினார்கள். இன்னொரு வீட்டில் கேக் வெட்டிப் பிறந்த நாளே கொண்டாடிவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் வந்து குவியும். எந்த வாரம் யார் வீடு என்கிற லிஸ்ட் என் கையில். லிஸ்ட் போடச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். பொன்னிக்கு நான்தான் மேனேஜர் என்று என் கணவர் கேலி செய்வார்.

வகுப்பில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மற்றவர்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள், ஆனால் தானாக வாய் திறக்க மாட்டாள். அவள் அப்பா ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஷேரிங் ஃப்ளாட்டில் இருந்தார்கள். மூன்று பெட்ரூம், ரூமுக்கு ஒரு குடும்பம், சமையலறை பொது. ஒருமுறை அவளை விடப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன். கட்டில், ஃப்ரிட்ஜ், பீரோ, கைக்குழந்தையின் தொட்டில் எல்லாம் அந்த ஒரே ரூமில். கால் வைக்க இடமில்லை.

அன்றைக்கே மனதில் முடிவு கட்டிவிட்டேன். குரூப்பில் வரும் படங்களைப் பார்த்து அந்த அம்மா சங்கடப்படுவாள், பாவம், அவளுக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று. சிறுமியின் பெயரைக் கடைசியில் எழுதினேன். புதிதாக யாராவது சேர்ந்தால் அவளுக்கு முன்னால் சேர்த்தேன். அவள் முறை நெருங்கினால் மறுபடி முதல் பெயருக்கே போனேன். இதைப் பெரிய நாசூக்கு என்று நினைத்துக்கொண்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

வகுப்பு முடிந்ததும் பொன்னியை அந்த வாரத்து வீட்டுக்காரப் பிள்ளையிடம் கொடுக்கும்வரை அந்தச் சிறுமிதான் மடியில் வைத்திருப்பாள். ஒருநாள் மட்டும், "ஆன்ட்டி, எங்க வீட்டுக்கு எப்ப வரும்?" என்று கேட்டாள். "லிஸ்ட்ல உன் பேரு இருக்குடா கண்ணு, வரும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு கேட்கவே இல்லை.

ஆறு மாதம் ஓடியிருக்கும். ஒரு புதன்கிழமை அவள் அம்மா போன் செய்தாள்.

"அக்கா, புள்ள இனிமே கிளாஸுக்கு வராதுக்கா. கம்பெனியில ஆள் குறைச்சுட்டாங்க. விசா கேன்சல் ஆயிருச்சு. நாளைக்குச் சாயங்காலம் ஃப்ளைட்டு."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் லிஸ்ட்தான். மறுநாள் மதியம், பொன்னி இருந்த வீட்டுக்கு ஓடி அவளை வாங்கிக்கொண்டு அங்கே போனேன். ரூம் முழுக்கப் பெட்டிகள். அப்பா கயிறு போட்டு ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கழற்றி எடுத்த அந்த ரூமில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம் மட்டும் கலையாமல் இருந்தது. அங்கே ஒரு செருப்பு டப்பா. உள்ளே பழைய புடவைத் துண்டை மடித்து மெத்தை, பஞ்சு அடைத்த குட்டித் தலையணை, பூப்போட்ட ஒரு கவுன். சுவரில் ஒட்டிய காகிதத்தில் 'பொன்னி ரூம்' என்று எழுதியிருந்தது.

"லிஸ்ட்ல பேரு இருக்குன்னு நீங்க சொன்ன அன்னிக்கே செஞ்சுருச்சுக்கா. தெனமும் தொடச்சு வைக்கும். கவுனு பக்கத்து ரூம் மலையாளச் சேச்சி தச்சுக் கொடுத்தது. அவுங்களும் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள் அம்மா. பிறகு, குரலில் கோபமே இல்லாமல், "எடம் பத்தாதுன்னு யோசிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

அவமானமாக இருந்தது.

பொன்னியைச் சிறுமியிடம் நீட்டி, "நீயே ஊருக்குக் கொண்டு போம்மா, உனக்குத்தான்" என்றேன். அப்படியாவது என் தப்பு கழுவப்பட்டுவிடும் என்று ஓர் ஆசை.

அவள் வாங்கிக்கொண்டாள். கவுனைப் போட்டுவிட்டாள். ரூம் ரூமாகத் தூக்கிப்போய்க் காட்டினாள். சேச்சி பொன்னிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு சிறுமி அவளை டப்பாவில் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். கீழே டாக்ஸி வந்துவிட்டதாக அப்பா சொன்னதும் டப்பாவோடு தூக்கி வந்து என் கையில் வைத்தாள்.

"நான் எடுத்துட்டுப் போயிட்டா மத்தவங்க வீட்டுக்கு எப்படி ஆன்ட்டி போகும்? அவங்கல்லாம் வெயிட் பண்ணுவாங்கல்ல."

காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும். கூடவே நான்காக மடித்த ஒரு தாளையும் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதியது, மாதக்கணக்கில் மடித்தே இருந்ததில் ஓரம் கிழிந்திருந்தது. 'பொன்னி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்குள் மூன்று வீடு இருக்கிறது. அதனால் அவளுக்கு போர் அடிக்கவில்லை. அவள் என் பக்கத்தில் தூங்கினாள்.' நடக்காத ஒரு வாரத்தை அந்தக் குழந்தை நடந்ததாகவே எழுதி வைத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊர் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு முறை பேசினோம். மூன்றாவது முறை அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

பொன்னி இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், அந்தச் செருப்பு டப்பாவில் படுத்து. அந்தத் தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் லிஸ்ட் போடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வியாழக்கிழமையும், ஒரு வாய் வார்த்தை கேட்காமல், இரக்கம் என்ற பெயரில் நான் பூட்டி வைத்த அந்த வீட்டு வாசலில் பொன்னியோடு நிற்பதுபோலவே இருக்கிறது எனக்கு.