ஞாயிற்றுக்கிழமைத் தீனி

எங்கள் பன்றிக் கொட்டகையில் இரண்டு பெட்டைக் குட்டிகள் மிஞ்சியிருந்தன. ஒன்றைத் தாய்ப்பன்றியாக நிறுத்திக்கொண்டு மற்றதை விற்க வேண்டும். தீனி கொட்டியதும் முதலில் பாய்ந்து வரும் குட்டியைத் தாய்க்கென்று நிறுத்திக்கொள்வது அப்பாவின் வழக்கம். இந்த முறை, "நீ இன்னா சொல்ற? மாட்டு டாக்டருக்குப் படிக்கிறியே," என்று என்னிடம் விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

வகுப்பில் படித்தபடியே செய்தேன். விடுதியிலிருந்து வரும் ஞாயிறுகளில் சுவரோரம் உட்கார்ந்து, எது எத்தனை முறை தொட்டிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் தின்கிறது என்று குறித்தேன். கறுப்புக் குட்டி ஓயாமல் வந்து முட்டி மோதியது. வெள்ளை இரண்டே முறை வந்து, வயிறு நிறைய நிதானமாகத் தின்றது. ஐந்து ஞாயிறும் அப்படியே. நிதானமாகத் தின்பதுதான் நன்றாகச் சதை வைக்கும், அந்தக் குணம் குட்டிகளுக்கும் இறங்கும் என்பது பாடம்.

"வெள்ளைய நிறுத்துப்பா," என்றேன்.

அந்த ஞாயிறே வியாபாரி டெம்போவோடு வந்து கறுப்பின் காலைக் கட்டும்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். வார நாட்களில் கம்பெனி பஸ் வருமுன் தீனி வைப்பவள் அவள்தான்.

"கறுப்ப ஏன் குடுக்கறீங்க?"

"வெள்ளைதாம்மா நல்லா தின்னுது."

"ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல மிஞ்சுன பிரியாணி வருது, தின்னாம இன்னா பண்ணும்? மத்த நாள் தவிடு ஊத்துனா மூஞ்சத் திருப்பிக்குது."

அப்பா பிரியாணி வாளியோடு வருவதை ஐந்து வாரமும் பார்த்தவள் நான். மற்ற ஆறு நாட்களை நினைக்கவே இல்லை. வாயைத் திறக்காவிட்டால் டெம்போ போய்விடும். யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. கொட்டகைக்கும் வாசலுக்குமாக இரண்டு முறை நடந்தேன்.

"அவுத்துடுங்கண்ணா. நான் சொன்னது தப்பு."

வியாபாரி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, உம் பொண்ணு பேச்சு வண்டி கெளம்பறதுக்குள்ள மாறுது?"

அப்பா சிரிக்கவில்லை. "அப்ப எதத்தான் நிறுத்தறது?"

"தெரியலப்பா. ஒரு வாரம் குடு."

"காலேஜு?"

"போவல."

மறுநாள் விடியலில் அம்மா தவிட்டைக் கரைத்து ஊற்றினாள். வெள்ளை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அதான் தெரிஞ்சிடுச்சே, கெளம்பு," என்றார் அப்பா.

"ஒரு நாள் பத்தாதுப்பா," என்று சொல்லி, கறுப்பு மறுபடி தொட்டிக்கு வந்ததைக் குறித்துக்கொண்டேன்.