மழையில் நின்ற கார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு முடிந்ததும் எங்கள் வீட்டில் இங்கிலாந்து தொடங்கிவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஃபேனை வேகமாக வைத்து, நானும் வீட்டுக்காரரும் டிவி முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலக் காபி வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம். சீரியல் என்றால் பங்களாவும் பனியும் நீளமான சாப்பாட்டு மேசையும். பழைய கறுப்பு வெள்ளைப் படமென்றால் தொப்பி போட்ட ஒரு துப்பறிவாளர் கட்டாயம் உண்டு.

இந்தப் பைத்தியம் எனக்கு வேலையில் இருந்தபோது பிடித்தது. பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில், ஆர்டர் எடுத்துச் சாம்பிள் அனுப்பும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்களிடம் துணி வாங்கும் பையர் ஓர் இங்கிலாந்துக்கார அம்மாள். அவருடைய மெயில் 'சாம்பிள் மிக அழகு, உங்கள் எல்லோருக்கும் நன்றி' என்று தொடங்கும். கொஞ்சம் கீழே போனால் கழுத்து தப்பு, கை தப்பு, உயரம் தப்பு என்று இருக்கும். திட்டாமலே திட்டும் அந்த வித்தையில் மயங்கிப்போனேன். நாடகங்களிலும் அதே கதைதான், கொலைகாரனுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விலங்கு மாட்டுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக்கொண்டே உயிரை எடுப்பவர்கள் என்பதால் எனக்கு அந்த ஊர் அந்நியமாகவே தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாக, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். கதையைவிடத் துணியைத்தான் பார்ப்பார். கதாநாயகி புருஷனைப் பறிகொடுத்துக் கதறிக்கொண்டிருப்பாள், இவர் "அந்தச் சால்வை கையில பின்னுனதில்ல புள்ள, மெஷின்ல ஓட்டுனது" என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்தால் எனக்குப் படம் பார்த்த மாதிரியே இருக்காது.

பார்த்ததை எழுதிவிட வேண்டும் எனக்கு. எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறுதோறும் ஒரு விமர்சனம் போடுவேன். சாம்பிளுக்கு எழுதுவது போலவே கடைசி வரியில் தீர்ப்பு இருக்கும்: அப்ரூவ்டு, திருத்தம் தேவை, ரிஜெக்ட். ஆரம்பத்தில் ஒருத்தரும் படிக்கவில்லை. வீட்டுக்காரரின் சித்தப்பாதான் காரணத்தைச் சொன்னார். "பேரெல்லாம் மாத்தரை பேராட்ட இருக்குது கண்ணு. ஆருக்கு ஆரு என்ன மொறையாகோணும், அத எழுது."

அன்றிலிருந்து இங்கிலீஷ் பெயர்களைத் தூக்கிவிட்டேன். பங்களாவின் பிரபு பெரியப்பா ஆனார், அவர் மகளைக் கட்டியவர் மாப்பிள்ளை ஆனார். முறை தெரிந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பாதிக் கதை புரிந்த மாதிரி. "அந்த மாப்பிள்ளை சரியில்லீங்க, அப்பவே நெனச்சேன்" என்று பதில்கள் வர ஆரம்பித்தன.

அந்தக் குரூப்பில் ஒருத்தி மட்டும் எதற்கும் பதில் போட மாட்டாள். அவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் ஒரே தங்கச்சி. வெள்ளகோவிலில் இருக்கிறாள், அண்ணன் பெண்டாட்டியான என்னை நங்கை என்பாள். போன வருஷம் சித்திரையில் புது வீட்டுக்குக் குடிபோனபோது அண்ணனை நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டாள். அண்ணன்தானே, அவருக்கு எதற்குச் சம்பிரதாயம் என்று அவள் நினைத்தாள். "வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடாத ஊட்டுக்கு நான் எதுக்குப் போகோணும்" என்று இவர் நினைத்தார். போகவில்லை. அதோடு பேச்சும் நின்றுபோனது.

இப்போது அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுபோய் நிற்காத கல்யாணத்தை எங்கள் பக்கம் கல்யாணமாகவே மதிக்க மாட்டார்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று சித்தப்பா சொன்னார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் யாராவது கேட்டை ஆட்டினால் முதலில் எட்டிப் பார்த்தது இவர்தான். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தங்கச்சி நாடகம் ஒன்று வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு பியானோவுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர். ஞாயிறு கடைசிப் பாகத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் கரண்ட் போய், போனும் அணைந்துவிட்டதால் திங்கட்கிழமை காலையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவசர அவசரமாக விமர்சனத்தை எழுதினேன். எப்போதும் போடும் 'இந்த வார நாடகம்' என்ற தலைப்பு விட்டுப்போனது. சர்ச்சில் ஞானஸ்நானம் என்று எழுதினால் புரியாதே என்று விசேஷம் என்று எழுதியிருந்தேன்.

'தங்கச்சி வீட்டு விசேஷம். அண்ணன்காரர் வந்துவிட்டார், ஆனால் உள்ளே போகவில்லை. முறையாகக் கூப்பிடவில்லையாம். மழையில் காரை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே தங்கச்சி வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வீம்பை மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் தைத்திருக்கிறார்கள். திருத்தம் தேவை.'

பால் பொங்குவதற்குள் சித்தப்பா போனில் வந்துவிட்டார். "ஏங்கண்ணு, அன்னிக்குப் பையன் வெள்ளகோவில் வரைக்கும் வந்துட்டா திரும்புனான்? அடப் பாவமே!" அவரைத் தொடர்ந்து அத்தை, அவரைத் தொடர்ந்து பெரியம்மா. மத்தியானத்துக்குள் வீட்டுக்காரர் குடும்பம் மொத்தத்துக்கும் பாவப்பட்ட பிள்ளையாகிவிட்டார்.

சாப்பிட வந்தவர் குதித்தார். "நான் எப்ப புள்ள மழைல கார்ல உக்காந்தேன்? அது நாடகம்னு குரூப்புல போடு!"

எழுதி முடித்து அனுப்பப் போனேன். பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்தார். "இரு. வேண்டா. அம்மிணி படிச்சிருப்பா" என்றார். தங்கச்சியை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். பிறகு அந்த நாடகத்தைப் போடச் சொல்லி மறுபடி பார்த்தார். மழைக் காட்சி முடியும் வரை யாருடைய துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் கேட் சத்தம் கேட்டது. நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் நின்றார்கள். அவள் கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க" என்றார், தங்கச்சி மாப்பிள்ளையை மட்டும் பார்த்து.

அவள் உட்காரவில்லை. "ஏனுங்ண்ணா, அன்னிக்கு வந்தீங்களாமா? வந்து வாசல்லயே உக்காந்திருந்தீங்களாமா?"

இவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா அம்மிணி. வந்தேன்" என்றார். பச்சைப் பொய். அன்று முழுக்க இதே சோபாவில் என்னோடு படுத்துக்கொண்டு, படத்தில் செத்துக் கிடந்த ஒருவனின் பனியன் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மழைலயா?"

"நல்ல மழை."

"சித்திரை மாசமுங்ண்ணா. வெயில் தாங்காம வந்தவங்களுக்கு மோர் ஊத்தி மாளல. வெள்ளகோவில்ல எந்த மழை பேஞ்சுது?"

முதலில் சிரித்தது நான்தான். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். "படிச்சப்பவே தெரியும், அது நங்கை பாத்த படம்னு. வாராவாரம் படிக்கறேன்ல. ஆனா தங்கச்சி வாசலையே பாத்துட்டு நின்னான்னு போட்டிருந்தீங்க பாருங்க நங்கை, அது மட்டும் பொய்யில்லீங்க."

இவர் தலை குனிந்தது. "வரலை அம்மிணி. வந்திருக்கோணும்."

"நானும் வந்து கூப்புட்டிருக்கோணுங்ண்ணா."

தட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காபி குடிக்கும்போது நாத்தனார் கேட்டாள், "அந்த அண்ணன் கடைசில எறங்குனானா, இல்லியா?" கடைசிப் பாகத்தை நாங்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை. நான்கு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். அவன் இறங்கவே இல்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாத்தனார் அவனைக் காது கூசும்படி திட்டினாள். "கோட்டு நல்ல கோட்டு" என்றார் வீட்டுக்காரர். அந்த நாடகத்துக்கு என் தீர்ப்பு ரிஜெக்ட்.

ஆவணியில் கல்யாணத்தன்று விடிகாலையில் கிளம்பினோம். எப்போதும் போல ஓட்டியது நான். சீர்த் தட்டு அவர் மடியில் இருந்தது. மண்டபத் தெருவில் திரும்பும்போது நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நாத்தனார் நிற்பது தெரிந்தது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார்.

"அட, வண்டி நிக்கட்டுங்க! குடை பின்னாடி இருக்குது!"

காதில் வாங்கவே இல்லை. பட்டு வேட்டி நனைய, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் மழையில் காருக்குள் உட்கார்ந்திருந்தது நான்தான்.